ரெண்டரையின் மாதக்கணக்கு

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அது பத்திரமாக இருக்கிறது. அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரில் பார்த்தால் 'மேடம்' என்பார்கள். அவள் டீ எடுக்க எழுந்து போனதும் 'ரெண்டரை' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரியாது என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் பார்க்கும் வேலையை வீட்டுக்கு வருகிறவர்களிடம் விளக்குவதற்குள் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஏதோ ஓர் அலுவலகத்தில், முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். எழுதியவர் எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. அது ஓடுகிற கணினிக்கு உதிரிப்பாகம் கிடைக்காது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும். மாற்றித் தருகிறவர்கள் வேறு ஆட்கள். மாற்றுவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று முதலிலேயே சொல்கிறவள் இவள். எத்தனை திரை, எத்தனை கோப்பு, எத்தனை ஆயிரம் வரி என்று எண்ணுவாள், பெருக்குவாள், வகுப்பாள், கடைசியில் ஓர் எண்ணைச் சொல்வாள். அந்த எண்ணை நம்பி ஒப்பந்தம் கையெழுத்தாகும். "அப்போ ஜோசியம் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை. ஜோசியம் தப்பினால் பழியைக் கிரகத்தின் தலையில் கட்டலாம். இவளுக்கு அந்த வசதியும் கிடையாது.

பெயர் வந்த கதை இதுதான். மரச்சாமான் கிடங்கு ஒன்றின் சரக்குக் கணக்கு மென்பொருளை மாற்ற ரெண்டரை மாதம் ஆகும் என்று சொன்னாள். ரெண்டு என்றால் அவசரப்பட்ட மாதிரி இருக்கும், மூன்று என்றால் பயந்த மாதிரி இருக்கும், ரெண்டரை என்றால் உட்கார்ந்து கணக்குப் போட்ட மாதிரி இருக்கும். உண்மையிலேயே உட்கார்ந்துதான் கணக்குப் போட்டாள். வேலை மூன்று வருஷம் இழுத்தது.

அந்த மூன்று வருஷமும் அதில் மாட்டிக்கொண்டு விழி பிதுங்கியவர்களில் ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கை. அதே நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவள். தங்கையின் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனது. மாப்பிள்ளை நல்ல மனுஷன், இரண்டு முறையும் 'பரவாயில்லை' என்றார். ஒருவழியாகப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப்போகிற நேரத்தில் கிடங்கிலிருந்து ஃபோன் வந்தது. எல்லா நாற்காலிக்கும் ஐந்து கால் என்று காட்டுகிறதாம். தங்கை வலது கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இடது கையில் ஃபோனைப் பிடித்துப் பேசினாள். கல்யாணப் படத்தில் மணப்பெண் யாரையோ முறைத்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் கண் கூசியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படத்துக்கு வெளியே அந்தப் பக்கம் நின்றது அக்கா.

மாப்பிள்ளைக்கு வேலை வேறு ஊரில். தங்கை இங்கே வாடகை வீட்டில். சனி ஞாயிறுகளில் மட்டும் குடித்தனம். அக்கா வீடு நடக்கிற தூரத்தில் இருந்தும் தங்கை அங்கே வந்து சாப்பிடுவதில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. சாப்பிட வா என்றால் "வேலை இருக்குக்கா" என்பாள். இந்தப் பதிலுக்கு மறுபேச்சுப் பேச உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் உரிமை இருக்கலாம், இந்த அக்காவுக்கு இல்லை.

ரெண்டரையின் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. அவரும் நாளெல்லாம் வாக்குக் கொடுக்கிற தொழிலில்தான் இருக்கிறார். யார் வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் தலை நிமிராமல் "வெள்ளிக்கிழமை" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. வெள்ளிக்கிழமை வந்து வெறுங்கையோடு போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். பத்துத் தடவை கூட்டிக் கழித்துச் சொல்கிற தன்மேல் எல்லோருக்கும் கோபம், கூட்டலே தெரியாத இந்த மனுஷன்மேல் ஒருவருக்கும் கோபமில்லை என்பது ரெண்டரைக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

கிடங்கு வேலையின் மூன்றாவது வருஷத்தில் அவளே நேரில் போய்ப் பார்த்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. மனசு கேட்கவில்லை. அங்கே கணக்கெழுதுகிறவரின் கணினித் திரையைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுச்சீட்டுகள் இலை விட்டிருந்தன. 'தேக்கு என்றால் நீளத்தில் ஒன்றைக் கூட்டு.' 'திங்கள் முதல் லாரியை இரண்டு தரம் பதி, ஒன்றை அழி.' 'கட்டில் என்று போடாதே, நின்றுவிடும்.' ரெண்டரை ஒவ்வொன்றாகப் படித்தாள். மென்பொருளின் மூளை பாதி உள்ளே இருந்தது, பாதி வெளியே கோந்து போட்டு ஒட்டியிருந்தது. அவள் எண்ணியது உள்ளே இருந்ததை மட்டும்.

அதிலிருந்து அவள் வழியே மாறிவிட்டது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கணினியைத் திறக்க மாட்டாள். திரைகளைச் சுற்றி, மேசைக் கண்ணாடிக்கு அடியில், விசைப்பலகையின் பின்பக்கம் என்று சீட்டுகளை எண்ணுவாள். ஒவ்வொரு சீட்டும் மென்பொருள் செய்யத் தவறி மனிதர்கள் செய்துகொண்டிருக்கிற ஒரு வேலை. அதற்கு இத்தனை நாள் என்று வைத்துக் கூட்டுவாள். "மேடம் குப்பை பொறுக்கப் போயிருக்காங்க" என்று அலுவலகத்தில் கேலி பேசினார்கள். ஆனால் அப்புறம் வந்த சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் அவள் சொன்ன மாதத்தில் முடிந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சொன்னபடி முடிந்த வேலைக்கு யார் பட்டப்பெயர் வைக்கிறார்கள்?

அப்போதுதான் நகரசபையின் வளர்ப்புப் பிராணிப் பதிவு அலுவலகம் வந்து சேர்ந்தது. ஊரில் நாய், பூனை, கிளி எது வளர்த்தாலும் அங்கே பதிய வேண்டும். தடுப்பூசிக்குத் தவணை வந்தால் ஆள் அனுப்புவார்கள். மென்பொருள் வெகு பழசு. மேலாளர் ரெண்டரையை அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. நாலு மாசம் வரும்."

"பாத்துட்டு வந்து நான்தானே சொல்லணும்?"

"ஆமா, நீங்கதான் சொல்லணும். நாலுன்னு நான் ஏற்கெனவே அவங்ககிட்ட சொல்லிட்டேன். நாலு எப்படி வருதுன்னு பாத்து எழுதிக் குடுத்தா போதும்."

மேலாளர் கெட்டவர் இல்லை. விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையை அப்புறம் தேடுகிற பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். ரெண்டரை எந்த எண்ணைச் சொன்னாலும் அவர் பாதியாக வெட்டுவார். வெட்டுவார் என்று தெரிந்து நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் இரண்டு மடங்காக வைத்துக்கொள்வார்கள். சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொண்ட ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

அன்று சாயங்காலம் தங்கை அவள் மேசைக்கு வந்து நின்றாள். வேலை நேரத்தில் வந்து நின்றதே அதிசயம்.

"பிராணி ஆபீஸ் வேலைக்கு என்னைத் தலைமையா போடறாங்களாம்" என்றாள் தங்கை. "அவர் ஊர்க் கிளையில இப்ப ஒரு இடம் காலியா இருக்கு. உடனே போனா சாதாரண இடம். இதை முடிச்சிட்டுப் போனா அங்கயும் தலைமை. நாலு மாசம்னா நான் இருந்து முடிச்சுட்டுப் போறேன். இன்னொரு கிடங்குன்னா இப்பவே கிளம்பறேன். திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

"போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்டி."

"அக்கா, மேலாளருக்குச் சொல்ற நம்பர் எனக்கு வேணாம். எனக்குன்னு ஒரு நம்பர் சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அக்கா. தங்கை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை ரெண்டரையை வீடு வரைக்கும் கூடவே வந்து படுத்தியது. இந்த ஒரு தடவை தப்பினால் தங்கை இனிமேல் தன்னிடம் மணி என்ன என்றுகூடக் கேட்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

பிராணி அலுவலகம் அவள் பார்த்த எந்த அலுவலகம் மாதிரியும் இல்லை. சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். தரையில் முகம் தெரிந்தது. கண்காணிப்பாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். மடிப்புக் கலையாத சட்டை, அதற்குள் மடிப்புக் கலையாத ஆள். "நம்ம ஆபீஸ்ல எல்லாம் சுத்தமா இருக்கணும் மேடம். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு" என்றார்.

உள்ளே ஒரே ஒரு கணினி. அதன் முன்னால் எழுத்தர் அம்மாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நாற்காலிதான். அம்மாள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மொட்டை அடித்துக்கொண்டு வந்து நிற்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையைச் சுற்றி ஒரு சீட்டு இல்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் இல்லை. ரெண்டரை குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தாள்.

"இங்க சீட்டு கீட்டு எதுவும் ஒட்டி வைக்கறதில்லையா?"

எழுத்தர் அம்மாள் வாயைத் திறந்தார். அதற்குள் கண்காணிப்பாளர் முந்திக்கொண்டார். "அந்தப் பழக்கமே நம்மகிட்ட கிடையாது மேடம். அம்மா, இவங்களுக்கு ஒரு டீ சொல்லுங்க." அம்மாள் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

திரையின் ஓரத்தில் கை வைத்தபோது ரெண்டரையின் விரல் பிசுபிசுவென்று ஒட்டியது. புதுப் பெயிண்ட் என்று நினைத்துக்கொண்டாள். கணினித் திரைக்கு யார் பெயிண்ட் அடிப்பார்கள் என்று வேறு ஒரு நாளாக இருந்தால் கேட்டிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு நாலு வேண்டியிருந்தது. மேலாளருக்காக இல்லை, தங்கைக்காக. வேண்டியது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றால் யாருக்குத்தான் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும்? திரைகளை எண்ணினாள், கோப்புகளை எண்ணினாள், சீட்டுக்கு நேரே சுழியம் போட்டாள். கூட்டினால் நாலு வந்தது. மறுபடி கூட்டினாள். மறுபடியும் நாலு.

மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து கை கொடுத்தார். ரெண்டரை சொன்ன எண்ணை வெட்டாமல் அவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. தங்கையிடம் போய்ச் சொன்னாள்.

"நிஜமா?"

"நிஜம்தான். அங்க ஒரு சீட்டுக்கூட இல்லை."

"அப்போ இருக்கேன்" என்றாள் தங்கை. போகிற போக்கில் திரும்பி, "சனிக்கிழமை அவர் வரலை. மத்தியானம் வீட்டுல என்ன சமையல்?" என்றாள். ரெண்டரைக்கு அன்று மாலை வரை தரையில் கால் பாவவில்லை.

சனிக்கிழமை தையல்காரர் கடையைப் பாதி மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மைத்துனி வந்ததில் அவருக்கும் ஏக மகிழ்ச்சி. மீன் வறுவலை அவள் தட்டில் தள்ளிக்கொண்டே இருந்தார். மேசைக்கு அடியில் அவர்கள் வீட்டு நாய் படுத்திருந்தது. கறுப்பு நாய், பெயர் துரை. பெயருக்கு ஏற்றபடி ஒரு வேலையும் செய்யாது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நகரசபையின் நாய் பிடிக்கும் வண்டி. கம்பியும் சுருக்குமாக ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு வண்டிக்காரர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு கையில் ஒரு தாள். முகத்தில் ரொம்ப சங்கடம்.

"இங்க..." என்று தாளைப் பார்த்தார். "ஆண். வயசு நாப்பத்தாறு. நிறம் கறுப்பு. தையல் வேலை. தடுப்பூசி தவணை தவறிடுச்சு. பிடிச்சுட்டு வரச் சொல்லிருக்காங்க."

தையல்காரர் வாயில் இருந்ததை விழுங்கினார். "அது நான்தான்."

"தெரியுதுங்க." வண்டிக்காரர் கோலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "கடிக்கிற பழக்கம் இல்லைன்னு போட்டிருக்கு. நீங்களா வந்துடறீங்களா?"

"வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றார் தையல்காரர். பழக்கம்.

"உரிமையாளர் கையெழுத்து ஒண்ணு வேணுமே. உரிமையாளர் பேரு... துரை." துரை தன் பெயரைக் கேட்டதும் மேசைக்கு அடியிலிருந்து வந்து வாலை ஆட்டியது. தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறி, ரெண்டரை அவள் தலையில் தட்டி, எல்லோருமாகச் சேர்ந்து சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. காலையிலேருந்து போற வீட்ல எல்லாம் இதே கதைதான். ஒரு வக்கீல் வீட்ல, அவரைக் கட்டிப் போடாம வளர்க்கறதா அவர் பூனைக்கு நோட்டீஸ் போயிருக்கு. என் மேல கேஸ் போடறேன்னு நிக்கறார்."

"ஏன் இப்படி ஆச்சு?" என்றாள் தங்கை.

"ஆபீஸ்ல அந்தம்மா கம்ப்யூட்டர்ல ஒரு மஞ்சச் சீட்டு ஒட்டிருக்கும். அச்சடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் முந்தின திரைக்குப் போயிட்டு வா, இல்லன்னா ஆளும் நாயும் இடம் மாறிடும்னு. இப்ப அது இல்ல. அது மட்டுமா, எந்தச் சீட்டும் இல்ல. கணக்குப் பாக்க யாரோ ஒரு பெரிய மேடம் வர்றாங்கன்னு எல்லாத்தையும் பிச்சு எடுக்கச் சொல்லிட்டார் எங்க சார். ஒரு சாக்கு நிறைய."

தங்கையின் கை தட்டிலேயே நின்றது. அவள் அக்காவைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா அந்தப் பெரிய மேடம்?"

ரெண்டரை தட்டைத் தள்ளி வைத்தாள். நாலு மாதம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை கையெழுத்து. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தொடங்கிவிடும், அப்புறம் இழுக்கும்போது பழியைச் சாக்குமூட்டையின் மேல் போடலாம். கிரகம் மாதிரி அதுவும் திரும்பிப் பேசாது. இப்படி ஒரு நினைப்பு வந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. வந்த வேகத்தில் போகவும் செய்தது, ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருந்தவள் ஒருமுறை கையெழுத்துப் போடும்போதே நாற்காலிக் கால் எண்ணியவள்.

"நான்தான்டி. நாலு இல்ல."

"பின்ன எவ்வளவு?"

"தெரியாது. தெரிஞ்சுட்டு வர்றேன்." கையைக் கழுவிவிட்டு வந்து வண்டிக்காரரிடம், "ஆபீஸ்ல அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். லீவு நாளிலும் ஜனங்கள் வந்து கத்திக்கொண்டிருப்பதால் இருக்கிறார் என்றார். வேறு வண்டி தேட நேரமில்லை. ரெண்டரை நாய் வண்டியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்தார். கணவரைப் பிடிக்க வந்து மனைவியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அன்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது.

அலுவலக வாசலில் ஒரே குரைப்பு. பாதி நாய்கள், பாதி மனிதர்கள். கண்காணிப்பாளர் தம் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருந்தார். சீட்டுச் சாக்கு குப்பை வண்டியில் போய் நாளாகிவிட்டது. எழுத்தர் அம்மாள் திரைக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தார்.

"அம்மா, அழாதீங்க. சீட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

"அது மனசுல இல்லம்மா. கண்ணுல இருந்துச்சு. பாத்து செஞ்சுதான் பழக்கம்" என்றார் அம்மாள்.

ரெண்டரை பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வாசலில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே விடச் சொன்னாள். அம்மாள் பதிவார், ஏதாவது கோணலாகப் போகும், கோணலைப் பார்த்ததும் அம்மாளுக்கு ஞாபகம் வந்துவிடும். உடனே ஒரு சீட்டு எழுதி ஒட்டுவார்கள். பழுப்பு என்று போட்டால் செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், காப்பி நிறம் என்று போட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பூனை இருந்தால் இரண்டாவதைக் கிளி என்று பதிய வேண்டும். குட்டி போட்ட நாயைப் பதிந்ததும் கணினியை அணைத்துவிட்டு முகம் கழுவி வர வேண்டும், திரும்பி வருவதற்குள் தானே சரியாகிவிடும். திரையைச் சுற்றி இடம் தீர்ந்து சுவருக்குப் போனார்கள். கண்காணிப்பாளர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "சுவர்ல வேண்டாம், புதுப் பெயிண்ட்" என்றார். வெளியே வக்கீலின் குரல் கேட்டதும் மறுபடி தாழ் போட்டுக்கொண்டார்.

இருட்டுவதற்குள் தங்கை வந்தாள். சாப்பாட்டை டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தாள். வாசலில் நின்றபடி சுவரைப் படித்தாள், பிறகு ஜன்னலை, பிறகு அலமாரிக் கதவை. நிரல் எழுதுகிறவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எவ்வளவுக்கா?"

"பதினாலு மாசம்."

"மேலாளருக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

தங்கை டப்பாவை மேசையில் வைத்தாள். "அப்போ நான் போறேன்கா. அவர் ஊருக்கு."

"போ" என்றாள் ரெண்டரை. சொல்லிவிட்டு ஒரு சீட்டை எடுத்து, ஏற்கெனவே ஒட்டியிருந்த சீட்டின் மேலேயே ஒட்டினாள். நாலு என்ற எண் உயிரோடு இருந்திருந்தால் தங்கை இன்னும் நாலு மாதம் நடக்கிற தூரத்தில் இருந்திருப்பாள், சனிக்கிழமைகளில் சாப்பிட வந்திருப்பாள். அத்தனை வருஷம் கழித்து ஒரே ஒரு மத்தியானம் வந்தவளைத் தன் வாயாலேயே ஊரைவிட்டு அனுப்புகிறோமே என்று நெஞ்சு வலித்தது. சரியான எண் இவ்வளவு வலிக்கும் என்று அவள் அதுவரை மதிப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் கண்காணிப்பாளரும் உட்கார்ந்திருந்தார். ரெண்டரை பதினாலு என்றாள்.

"நாலுதானே மேடம்? அதுக்கு முன்னாடி ஒரு பத்து எங்கேருந்து வந்துச்சு?" என்றார் மேலாளர்.

"சாக்குல இருந்துச்சு சார்."

மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, ஏழுன்னு போடலாம்" என்று கை பழக்கத்தில் பாதியாக வெட்டினார். கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். இரண்டு நாளாக வக்கீலிடம் மாட்டியிருந்ததில் அவருடைய சட்டையிலும் மடிப்புக் கலைந்திருந்தது. "பதினாலே இருக்கட்டுங்க" என்றார். "ஏழுல முடிச்சு, மறுபடி நாய்ங்க எல்லாம் உரிமையாளர் ஆயிட்டா என்னால ஊருக்குள்ள நடமாட முடியாது."

"தலைமைக்கு ஆள் எங்க இருக்கு? இவங்க தங்கச்சியும் மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டாங்க."

"நான் செய்யறேன்" என்றாள் ரெண்டரை.

இத்தனை வருஷமாக எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவளாகவே இருந்தவள். உள்ளே உட்கார்ந்து அந்த எண்ணை அனுபவிக்கிறவர்கள் வேறு யாரோ. மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இது தனக்கு லாபமா நஷ்டமா என்று அவருக்கு உடனே கணக்குப் போட வரவில்லை. கணக்குப் போடுகிற ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தாள், அவளிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தங்கை ஊருக்குக் கிளம்பிய நாளும் பிராணி அலுவலகத்தில் வேலை தொடங்கிய நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது. ரெண்டரையால் ரயில் நிலையத்துக்குப் போக முடியவில்லை. தையல்காரர் போய்ப் பெட்டியை ஏற்றிவிட்டு வந்தார். காலை நேரம், எழுத்தர் அம்மாள் ஒரு முதியவரின் ஆமையைப் பதிந்துகொண்டிருந்தார். ஆமைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. மென்பொருள் அதை இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லி, கூடவே அந்தத் தெருவில் இருந்த எல்லாப் பிராணிகளையும் பிறக்காதவையாக மாற்றிவிட்டது. அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இது அவருக்கே புதுசு. அப்போது ரெண்டரையின் ஃபோன் அடித்தது.

"ரயில் கிளம்பிடுச்சுக்கா" என்றாள் தங்கை. "அங்க எப்படிப் போகுது? பதினாலுதானே?"

ரெண்டரை ஆமையைப் பார்த்தாள். பொய் சொல்ல ரயில் சத்தம் வசதியாகத்தான் இருந்தது. "பதினஞ்சு" என்றாள். "ஒரு ஆமை வந்திருக்கு. மன்னிச்சுக்கோடி."

அந்த எண்ணைத் தங்கை இரண்டு மடங்காக்குகிறாளா, பாதியாக்குகிறாளா என்று ரெண்டரைக்குப் புரியவில்லை.

"சரி, பதினஞ்சு" என்றாள் தங்கை. "அதுக்கு அடுத்த மாசம் நீ, அத்தான், துரை மூணு பேரும் இங்க வந்து ஒரு மாசம் இருக்கணும். இன்னிக்கே போய் அந்த மாசத்துக்கு லீவு எழுதிக் குடுத்துடறேன்."

"இப்பவேவா?"

"நீதான் நம்பர் சொல்லிட்டியே."

ரெண்டரை "ம்" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள். கண்ணீர் விசைப்பலகையில் சிந்தாதபடி எழுத்தர் அம்மாள் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ரெண்டரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமைக்காரரிடம் அது பிறந்த வருஷத்தை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.